டேலியை அப்டேட் பண்ணணுமா? முதல்ல கணக்கை டேலி பண்ணுங்க!

ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து வரும் கோரிக்கை ஒன்று உண்டு. “நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, கடையில இருக்கற டேலியைக் கொஞ்சம் புதுசாக்கிக் குடுப்பா.” ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரத்தில் முடிகிற வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பல கடைகளில் அப்படியே முடிந்தும் விடுகிறது. சில கடைகளில் பத்து வருஷக் கணக்கும் சேர்ந்து முடிந்துவிடுகிறது.

நங்கநல்லூர் நான்காவது மெயின் ரோட்டில் ஒரு நடை போய்ப் பாருங்கள். மளிகை, மருந்து, பாத்திரம், ஹார்டுவேர், புடவை என்று வரிசையாகக் கடைகள். இந்த மாதிரிக் கடைகள் பலவற்றில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கும். அதில் டேலி. வாரத்துக்கு இரண்டு நாள் வந்து என்ட்ரி போட்டுவிட்டுப் போகும் ஒரு அக்கவுன்டன்ட். வருஷத்துக்கு ஒரு தடவை பென்டிரைவில் டேட்டாவை வாங்கிக்கொள்ளும் ஆடிட்டர். கடன் வாங்கியவர் யார், எந்த பில்லுக்கு எவ்வளவு பாக்கி, அரசுக்குக் கட்டிய வரி எவ்வளவு என்பதெல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள்.

இந்தக் கட்டுரையின் வாதம் எளிமையானது. கணக்கு சாஃப்ட்வேரை அப்டேட் செய்வது கம்ப்யூட்டர் வேலை இல்லை; கணக்கு வேலை. ‘இன்ஸ்டால் முடிந்தது’ என்று திரையில் வந்தால் வேலை முடிந்ததாக அர்த்தம் இல்லை. பழைய ஐந்தொகையும் புதிய ஐந்தொகையும் பைசா பிசகாமல் பொருந்தினால்தான் முடிந்ததாக அர்த்தம்.

“ஓடுதுல்ல, விடு” என்பது தப்பா?

தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்க வேண்டும் என்பது வியாபாரியின் அனுபவ அறிவு. ஆனால் வண்டி ஓடுகிற ரோடு மாறிக்கொண்டே இருக்கிறதே!

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாய்க்கு மேல் உள்ளவர்களுக்கு என்று 2020 அக்டோபரில் தொடங்கிய இ-இன்வாய்ஸ், படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1-லிருந்து 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயமானது. 2025 செப்டம்பர் 22-ல் 12 சதவீத, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் போய், 5, 18, 40 என்று வரி விகிதங்களே மாறின. அடுத்த மாதமே, அக்டோபர் 14-ல், விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 7-க்கு அந்த ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது.

ஆக, பழைய சாஃப்ட்வேரை வைத்துக்கொண்டிருப்பது இலவசம் இல்லை. ஆதரவு நின்றுபோன கம்ப்யூட்டரில் ஒரு ரான்சம்வேர் நுழைந்தால் டேட்டா மொத்தமும் பூட்டப்பட்டுவிடும். ஹார்டு டிஸ்க் ஒரு நாள் தானாகவே நின்றுவிடும். அப்போது அப்டேட்டை நீங்கள் விரும்பிச் செய்ய மாட்டீர்கள், வேறு வழியில்லாமல் அவசரமாகச் செய்வீர்கள். டேட்டா தொலைவது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான். அதனால் மாறுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதைவிட, நிதானமாக இருக்கும்போதே மாறிவிடுவது நல்லது.

ஒரு வழிப் பாதை

டேலி பிறந்த கதையே அப்பா மகனிடம் கேட்ட உதவிதான். தன் வியாபாரத்துக்கு ஏற்ற கணக்கு சாஃப்ட்வேர் கிடைக்காத ஷியாம் சுந்தர் கோயங்கா, கணிதம் படித்த தன் மகன் பரத் கோயங்காவிடம் ஒன்றை எழுதித் தரச் சொன்னார். பெங்களூரில் 1986-ல் தொடங்கிய அந்த முயற்சி பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் நிறுவனமாகி, பிறகு டேலி சொல்யூஷன்ஸ் ஆனது. பரத் கோயங்காவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

வாட் வரிக் காலத்து 7.2, பிறகு டேலி 9, 2009-ல் வந்த டேலி இ.ஆர்.பி. 9, 2020 நவம்பரில் வந்த டேலி பிரைம் எனத் தலைமுறைகள் மாறிவிட்டன. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பழைய டேட்டாவைப் புதிய வெர்ஷனுக்கு மாற்ற முடியும். ஆனால் மாற்றிய பிறகு அதே டேட்டாவைப் பழைய வெர்ஷனில் திறக்க முடியாது. 2023-ல் வந்த டேலி பிரைம் 3.0-வும் முந்தைய டேட்டாவை மைக்ரேட் செய்த பிறகே திறக்கும். 7.2 மாதிரி ரொம்பப் பழைய டேட்டாவுக்குத் தனி மைக்ரேஷன் டூல் வேண்டும்.

அதனால் முதல் விதி: ஒரிஜினல் டேட்டா மீது கை வைக்கவே கூடாது. எது செய்தாலும் பிரதியில் செய்யுங்கள்.

இன்னொரு விஷயம். டேலி பிரைம் 64-பிட் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். கடையில் இருப்பது 32-பிட் என்றால் கம்ப்யூட்டரையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். புதிய கம்ப்யூட்டரில் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரைச் செருகும் துளை இருக்கிறதா என்று ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. திங்கட்கிழமை காலையில் பில் அடிக்க முடியாமல் நின்றால், அப்பா அப்டேட்டையே வெறுத்துவிடுவார்!

டேட்டா எங்கெல்லாம் தொலைகிறது?

சினிமாவில் வருகிற மாதிரி திரை முழுக்கச் சிவப்பாகி டேட்டா அழிவது அபூர்வம். சத்தமில்லாமல் தொலைவதுதான் அதிகம்.

*தப்பான ஃபோல்டர்.* டேலி ஒவ்வொரு கம்பெனியின் டேட்டாவையும் எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டரில் வைக்கிறது. கம்பெனி பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது. சி டிரைவில் ஒன்று, டி டிரைவில் ஒன்று, யாரோ எப்போதோ காப்பி எடுத்தது ஒன்று என்று மூன்று இருக்கும். மூன்றும் ஒரே கடையின் பெயரையே காட்டும். இதில் 2022-ல் நின்றுபோன பிரதியை மைக்ரேட் செய்துவிட்டு, ஒரிஜினலை ஃபார்மட் செய்துவிட்டால் கதை முடிந்தது. எந்தப் பிரதியில் கடைசி வவுச்சர் தேதி நேற்றையது என்று பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

*பாஸ்வேர்டு.* டேலி வால்ட் போட்டுப் பூட்டிய கம்பெனியின் பாஸ்வேர்டு மறந்துவிட்டால் மீட்க வழியில்லை. அது ஐந்து வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டுப்போன அக்கவுன்டன்டுக்கு மட்டும் தெரியும் என்றால், அப்டேட்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அவருக்கு ஒரு போன் போடுவதுதான்.

*குறுக்கு வழி.* “பழசெல்லாம் எதுக்கு சார்? புது கம்பெனி கிரியேட் பண்ணி ஓப்பனிங் பேலன்ஸ் மட்டும் போட்டுடலாம்” என்பார்கள். தப்பான முறை இல்லை. ஆனால் ஒருவரிடம் வரவேண்டியது 86,000 ரூபாய் என்று மொத்தமாகப் போட்டுவிட்டால், அது எந்த நான்கு பில்லுக்கு, எந்தத் தேதியிலிருந்து என்ற விவரம் போய்விடும். அடுத்த மாதம் அவர் வந்து, “அந்த பில்லுக்குத்தான் நான் கட்டிட்டேனே” என்றால் எதைக் காட்டுவீர்கள்? வசூல் ஆகாத பில்தான் இங்கே தொலைகிற டேட்டா. அது நேரடியாகப் பணம்.

*தமிழ் எழுத்துரு.* வாடிக்கையாளர் பெயரையும் சரக்கின் பெயரையும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்திருந்தால், புதிய கம்ப்யூட்டரில் அவை புரியாத குறிகளாகத் தெரியும். டேட்டா போகவில்லை, படிக்கத்தான் முடியவில்லை. தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடுக்கு மாறிவிட்டது. மாஸ்டர் லிஸ்டை எக்ஸலில் எடுத்து யூனிகோடுக்கு மாற்றுவது ஒரு நாள் வேலை. முன்கூட்டியே தெரிந்தால் பயம் இல்லை.

*தைத்துப்போட்ட வசதிகள்.* உங்கள் கடைக்கென்று பில் ஃபார்மட், கமிஷன் கணக்கு எல்லாம் யாராவது டி.டி.எல். எழுதிக் கொடுத்திருப்பார்கள். புதிய வெர்ஷனில் அது அப்படியே ஓடும் என்று நம்ப வேண்டாம். எழுதிக் கொடுத்தவரிடம் முதலில் கேளுங்கள்.

*கிராக் காப்பி.* பேசத் தயங்கினாலும் இதைப் பேசித்தான் ஆக வேண்டும். திருட்டுப் பிரதியில் ஓடும் கடைக்கு முறையான உதவி கிடையாது. அந்த கிராக் ஃபைலோடு என்ன வைரஸ் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரியாது. லைசென்ஸ் விலை அதிகம் என்று நினைப்பவர்கள், ஒரு வருஷக் கணக்கைத் திரும்ப என்ட்ரி போட எவ்வளவு சம்பளம் கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பேக்கப்: மூன்று, இரண்டு, ஒன்று

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பிரபலப்படுத்திய ஒரு விதி இருக்கிறது. மூன்று பிரதிகள், இரண்டு வேறு வேறு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். கடைக்காரருக்கு இதைச் சொல்வது சுலபம். கம்ப்யூட்டரில் ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்கில் ஒன்று, வீட்டிலோ கிளவுடிலோ ஒன்று.

‘வேறு இடம்’ ஏன் முக்கியம் என்று தென்சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தில் இருந்தவையெல்லாம் தண்ணீருக்குள் போனபோது, கம்ப்யூட்டரும் அதன் மேஜை டிராயரில் இருந்த பென்டிரைவும் ஒன்றாகத்தான் மூழ்கியிருக்கும். டி டிரைவில் வைத்தது பேக்கப் ஆகாது. அதே டிஸ்கின் இன்னொரு அறை அது, அவ்வளவுதான்.

டேலி ஓடிக்கொண்டிருக்கும்போதே டேட்டா ஃபோல்டரை கூகுள் டிரைவோடு சிங்க் செய்து வைப்பதும் ஆபத்து. பாதி எழுதிய ஃபைல் மேலே போய்விடலாம். டேலியை மூடிவிட்டு, அல்லது அதிலேயே உள்ள பேக்கப் வசதியில் எடுத்த ஃபைலை மட்டும் மேலே ஏற்றுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று உண்டு. எடுத்த பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ரெஸ்டோர் செய்து திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான்.

எதை எதோடு பொருத்திப் பார்க்க வேண்டும்?

இங்கேதான் கம்ப்யூட்டர் படித்த பிள்ளை கொஞ்சம் ஒதுங்கி, கணக்குத் தெரிந்தவருக்கு நாற்காலியைக் கொடுக்க வேண்டும். பழைய வெர்ஷனில் கீழ்க்கண்டவற்றைப் பி.டி.எஃப். ஆக எடுத்து வையுங்கள். மாற்றிய பிறகு புதியதிலும் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் அடியுங்கள்.

1. ஒவ்வொரு வருஷமும் மார்ச் 31 தேதியிட்ட இருப்பாய்வும் ஐந்தொகையும். கடைசி வருஷம் மட்டும் போதாது.
2. ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ ரிப்போர்ட். எத்தனை லெட்ஜர், எத்தனை சேல்ஸ் வவுச்சர், எத்தனை ரசீது என்று எண்ணிக்கை அதில் வரும். 14,212 இருந்தது 14,209 ஆனால், மூன்று எங்கே என்று தேடுங்கள்.
3. பில்வாரியாக வரவேண்டியதும் கொடுக்கவேண்டியதும்.
4. சரக்கு இருப்பு. மதிப்பு மட்டுமல்ல, எண்ணிக்கையும்.
5. வங்கிச் சரிக்கட்டும் பட்டியலில் பாஸ் ஆகாமல் நிற்கும் காசோலைகள்.
6. மாதவாரி ஜி.எஸ்.டி. தொகைகள். இவற்றை போர்ட்டலில் ஏற்கெனவே தாக்கல் செய்த எண்களோடு பொருத்துங்கள்.

ஆறாவதில் ஒரு எச்சரிக்கை. புதிய வெர்ஷன் பழைய வருஷப் பரிவர்த்தனைகள் சிலவற்றைக் காட்டி, ‘திருத்தம் தேவை’ என்று சொல்லலாம். உடனே உட்கார்ந்து பழைய வவுச்சர்களைத் திருத்த ஆரம்பிக்காதீர்கள். அந்த மாதத்து ரிட்டர்ன் தாக்கலாகி முடிந்த விஷயம். இப்போது திருத்தினால் உங்கள் கணக்கும் அரசிடம் இருக்கும் கணக்கும் பிரிந்துவிடும். ஆடிட்டரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

நாள் பார்த்துச் செய்யுங்கள்

பஞ்சாங்கம் பார்க்கச் சொல்லவில்லை, ஜி.எஸ்.டி. காலண்டரைப் பார்க்கச் சொல்கிறேன். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ம் தேதி 3பி. இரண்டும் முடிந்த பிறகு, மாதக் கடைசி நெருக்கடி வருவதற்கு முன்னால் ஒரு வாரம் கிடைக்கிறது. அதுதான் நல்ல நேரம். மார்ச் கடைசி, தீபாவளி சீசன், ஆடித் தள்ளுபடி, ஆடிட் நடக்கும் செப்டம்பர் எல்லாம் வேண்டாம்.

ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மாற்றும் ஆசையும் வேண்டாம். பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் புதிய தளத்துக்கு மாற்றியது. டேட்டா சரியாகவே போய்ச் சேர்ந்தது. ஆனால் புதிய தளம் தடுமாறியது. லட்சக்கணக்கானவர்கள் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. முழுக்கச் சரியாக அந்த ஆண்டு டிசம்பர் ஆனது. 2022-ல் ஒழுங்குமுறை அமைப்புகள் விதித்த அபராதம் 4.86 கோடி பவுண்டு. வங்கிக்கே இந்தக் கதி.

பழையதிலும் புதியதிலும் ஒரு மாதம் இரட்டை என்ட்ரி போடுங்கள் என்று பாடப் புத்தகம் சொல்லும். ஒரே ஒரு அக்கவுன்டன்ட், அதுவும் வாரம் இரண்டு நாள் வருபவர் என்றால் அது நடக்கிற காரியமா? ஒரு வாரம் போதும் என்பது என் கருத்து. அந்த ஒரு வாரத்தில் ரொக்க விற்பனை, கடன் விற்பனை, திரும்பி வந்த சரக்கு, வாங்கியது, வங்கிப் பரிவர்த்தனை என்று எல்லா வகையிலும் இரண்டாவது ஒன்று இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வார முடிவில் இரண்டிலும் அதே இருப்பு வந்தால் பழையதில் எழுதுவதை நிறுத்திவிடலாம்.

சட்டம் என்ன கேட்கிறது?

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். 2023-24-க்கு அந்தக் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. ஆக, அந்த வருஷக் கணக்கு 2030 டிசம்பர் 31 வரை உங்களிடம் இருக்க வேண்டும். வழக்கோ மேல்முறையீடோ இருந்தால் இன்னும் நீளும்.

உங்களுடையது ஸ்டார்ட்-அப், பிரைவேட் லிமிடெட் என்றால் கூடுதல் பொறுப்பு. கம்பெனிச் சட்டப்படி எட்டு நிதியாண்டுக் கணக்கு வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதிவு செய்யும் ‘ஆடிட் ட்ரெயில்’ வசதி உள்ள சாஃப்ட்வேரைத்தான் கம்பெனிகள் பயன்படுத்த வேண்டும். அந்த வசதியை அணைத்து வைக்கவும் கூடாது. தனிநபர் கடைகளை இந்தக் கம்பெனி விதி கட்டுப்படுத்தாது. ஆனாலும் கடையில் இரண்டு மூன்று பேர் என்ட்ரி போடுகிறார்கள் என்றால், அந்த வசதி உங்களுக்கே நல்லது.

அந்தக் காலத்தில் புதுக்கணக்கு போடும்போது பிள்ளையார் சுழி போட்டுப் புதிய பேரேட்டைத் திறப்பார்கள். பழையதைக் கிழித்துப் போட மாட்டார்கள், கட்டிப் பரணில் ஏற்றுவார்கள். இப்போதும் அதுவேதான் வழி. மைக்ரேட் செய்யாத பழைய டேட்டாவின் பிரதி, அதைத் திறக்கும் பழைய சாஃப்ட்வேரின் இன்ஸ்டாலர், லைசென்ஸ் எண், பாஸ்வேர்டு, ஒவ்வொரு வருஷ லெட்ஜரின் பி.டி.எஃப். எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். எந்த சாஃப்ட்வேரும் இல்லாவிட்டாலும் பி.டி.எஃப். திறக்கும்.

கணக்கு யாருடையது?

“இந்தத் தொல்லையே வேண்டாம், கிளவுடுக்குப் போயிடலாம்” என்று பலர் சொல்கிறார்கள். நம்ம ஊர் ஜோஹோ புக்ஸ் மாதிரி நல்ல வசதிகள் இருக்கின்றன; வெர்ஷன் கவலை இல்லை. ஆனால் வேறு சாஃப்ட்வேருக்குப் போவது கணக்கை இன்னொரு மொழியில் பெயர்த்து எழுதுவதற்குச் சமம். மேலே சொன்ன சரிபார்ப்பு அங்கே இன்னும் கூடுதலாக வேண்டும். கிளவுடும் நிரந்தரம் இல்லை. குயிக்புக்ஸ் சேவையை இந்தியாவில் நிறுத்தப்போவதாக இன்ட்யூட் நிறுவனம் 2022-ல் அறிவித்து, 2023-ல் நிறுத்தியது. நம்பியிருந்த சிறு தொழில்கள் டேட்டாவை எடுத்துக்கொண்டு வேறு இடம் தேட வேண்டியிருந்தது. எங்கே சேர்ந்தாலும், மொத்த டேட்டாவையும் எப்படி வெளியே எடுப்பது என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

சிக்கலின் வேர் டெக்னாலஜியில் இல்லை. நம் சிறு வியாபாரங்களில் கணக்கு அக்கவுன்டன்டின் தலைக்குள் இருக்கிறது, பாஸ்வேர்டு அவர் டைரியில் இருக்கிறது, பேக்கப் ஆடிட்டரின் பென்டிரைவில் இருக்கிறது. முதலாளியிடம் என்ன இருக்கிறது? கம்ப்யூட்டர் மட்டும். அக்கவுன்டன்டைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. இருபது வருஷமாகக் கடையைத் தாங்கிக்கொண்டிருப்பவர் அவர்தான். அவர் ஒருவர் மேலேயே எல்லாப் பாரத்தையும் ஏற்றி வைத்திருப்பதுதான் தவறு.

அடுத்த முறை அப்பா கேட்கும்போது, இன்ஸ்டாலரை டவுன்லோடு செய்வதற்கு முன் அக்கவுன்டன்டையும் அப்பாவையும் உட்காரவைத்து நான்கு கேள்வி கேளுங்கள். நேற்று வரை என்ட்ரி உள்ள டேட்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது? பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்? கடைசி பேக்கப்பை யாராவது திறந்து பார்த்திருக்கிறீர்களா? போன மார்ச் 31 ஐந்தொகை காகிதத்தில் இருக்கிறதா? நான்குக்கும் பதில் கிடைத்துவிட்டால் அப்டேட் நிஜமாகவே இரண்டு மணி நேர வேலைதான். கிடைக்கவில்லை என்றால், உங்கள் கடை டேட்டா ஏற்கெனவே ஆபத்தில் இருக்கிறது. அப்டேட் செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி.